கூட்டேரிப்பட்டு ஸ்டாப்பில் என் மகள் இறங்கினாள்

என் மகளுக்கு மூச்சு நின்னுபோற மாதிரி இருந்த நாள்ல எனக்கு அழுகை வரல. அதைத்தான் முதல்ல சொல்லணும். நம்ம சர்ச் சபையில நிறைய பேர் என்னைத் தைரியசாலின்னு நினைச்சுக்கினு இருந்தீங்க. அது தைரியம் இல்ல. உள்ள ஒன்னுமே இல்ல, அவ்வளவுதான்.

என் பேர் சேசுராஜ். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடுற தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். இருபத்திரண்டு வருஷமா அதே ரோடு. எனக்கும் என் மனைவி சகாயத்துக்கும் ஒரே மகள், பிரிசில்லா. நர்ஸு படிச்சா. விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுது. நோயாளிகளைத் தூக்கித் திருப்பி அவளுக்கு முதுகு வலி வந்துச்சு. வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கினா. அப்புறம் வலி இல்லாத நாளும் போட்டுக்கினா. ரெண்டு வருஷம். எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில கண்டுபுடிச்சு வேலையை விட்டு அனுப்பினப்பதான் தெரிஞ்சுது. அப்ப அவளுக்கு இருபத்தெட்டு வயசு.

போதை மறுவாழ்வு மையத்துல ரெண்டு மாசம் வச்சோம். நல்லா ஆயி வந்தா, முகத்துல சதை கூட போட்டுச்சு. சகாயம் சபைக்கே கேசரி பண்ணி கொடுத்தா, ஞாபகம் இருக்கும். மூணாவது வாரம் பாத்ரூம் கதவை உடைச்சுதான் அவளை வெளிய எடுத்தோம். உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸ்ல சகாயம் மார்ல அடிச்சுக்கினு அழுவுறா. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கினு, விக்கிரவாண்டியில டிராபிக் அதிகமா இருக்குமேன்னு யோசிச்சேன். டாக்டர் வந்து, "பொழைச்சுட்டாங்க, ஆனா மறுபடி இப்படி ஆனா சொல்ல முடியாது"ன்னாரு. சரிங்கன்னேன். வெளிய போயி டீ குடிச்சேன். டீ ருசி கூட தெரியல.

வீட்டுக்குக் கூட்டிக்கினு வந்த பிறகு நான் அவகிட்ட பேசறதை நிறுத்திட்டேன். கோவத்துல இல்ல. பேச வார்த்தை வரல. தினமும் வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அவ பையைக் கொட்டிப் பார்ப்பேன். தலகாணி உறையைத் தடவிப் பார்ப்பேன். அவ சுவத்துல சாஞ்சு நின்னு பார்த்துக்கினே இருப்பா. ஒரு நாள் சொன்னா:

"நம்பலன்னா பரவால்லப்பா. ஆனா பேசுங்கப்பா."

நான் பையை மூடி வச்சுட்டுப் போயிட்டேன்.

நீங்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணீங்க. கண்ணீரோட பண்ணீங்க. நான் முழங்கால் போட்டுக்கினு, பின் டயர் மாத்தணுமா வேணாமான்னு நினைச்சுக்கினு இருந்தேன். மன்னிச்சுடுங்க. அதான் உண்மை.

போன ஆடி மாசம், ஒரு செவ்வாக்கெழமை. காலையில வண்டியில ஏறி ஸ்டியரிங்கைத் தொட்டு ஜெபம் பண்றது என் வழக்கம். அன்னிக்கி ஜெபம் வரல. அப்புறம் வாய்க்குள்ளயே சொன்னேன்: "ஆண்டவரே, என் பொண்ணு செத்தா கூட எனக்கு அழுகை வராது போல இருக்கு. எனக்கே பயமா இருக்கு. அவ குணமாவணும்னு கேக்கறதுக்குக் கூட எனக்குத் தெம்பு இல்ல. அவ வாயில இருந்து ஒரே ஒரு உண்மை வரட்டும். அதை மட்டும் தாரும்." ஆமென் கூட சொல்லல. வண்டியை எடுத்துட்டேன்.

கூட்டேரிப்பட்டு ஸ்டாப் வந்துச்சு. பூக்காரம்மா பக்கத்துல பிரிசில்லா நின்னுக்கினு இருந்தா.

கண்டக்டர் முருகனுக்கு எல்லாம் தெரியும். அவன் ஒன்னும் கேக்காம, இன்ஜின் பக்கத்து சீட்டுல இருந்த ஆளை எழுப்பிப் பின்னால அனுப்பிட்டான். அவ உக்காரல. கம்பியைப் புடிச்சுக்கினு என் காதுகிட்ட குனிஞ்சா.

"அப்பா, விழுப்புரத்துல ஒரு கடையில போதை மாத்திரை கொடுப்பாங்க. அதை வாங்கத்தான் உங்களுக்கு முன்னாடி போற பஸ்ல ஏறினேன். அம்மாகிட்ட சர்ச்சுக்குன்னு பொய் சொல்லிட்டேன். இங்க வந்ததும் இறங்கிட்டேன். உங்க பஸ் வரும்னு தெரியும்."

எனக்கு வாயில வந்தது ஒரு வார்த்தைதான்.

"உக்காரு."

உக்காந்தா. வேர்த்து ஊத்துது. நான் கியரைப் போட்டேன். கேட்டது கிடைச்சுட்டுதுன்னு புத்திக்குப் புரியுது, மனசுக்கு வந்து சேரல.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இறங்கினாங்க. நான் சொன்னேன், "இறங்கணும்னா இறங்கு. நான் தடுக்க மாட்டேன்." சொல்லும்போது என் கால் பிரேக் மேலயே அழுத்திக்கினு இருந்துச்சு. அவ ஜன்னல் பக்கம் பார்க்காம தரையைப் பார்த்துக்கினு கேட்டா:

"திரும்ப எப்ப கெளம்பும்பா?"

"பதினஞ்சு நிமிஷம் ஆவும்."

"நானும் வர்றேன்."

அன்னிக்கி என் டூட்டி முடியற வரைக்கும் அந்த சீட்டுலயே இருந்தா. போறதும் வர்றதுமா ஆறு நடை. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. முருகன் தண்ணி புடிச்சுக் கொடுத்தான். மத்தியானம் என் டிபன் பாக்ஸ்ல இருந்த புளிசாதத்தை ரெண்டு பேரும் ஒரே மூடியில போட்டுத் தின்னோம். சகாயம் அதுல வேர்க்கடலை, நம்ம மல்லாட்டையை, வறுத்துப் போட்டிருந்தா. அது வாயில உப்பா பட்டுச்சு. எத்தனையோ நாளுக்கு அப்புறம் ஒரு ருசி தெரிஞ்சுது. "பிரிசில்லா"ன்னு கூப்பிட்டேன். அவ நிமிர்ந்து பார்த்தா. எனக்கு மூக்கு மட்டும் ஒழுவுச்சு.

இதையும் மறைக்காம சொல்றேன். சாயந்திரம் முருகன் வந்து, "அண்ணே, போன அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயி நம்ம பிரிசில்லாவுக்காக வேண்டிக்கினேன்"னான். அவன் கையைப் புடிச்சுக்கினேன். என் பொண்ணுக்காக வேண்டின எவரையும் நான் இனிமே சின்னதா நினைக்க மாட்டேன்.

மறுநாளே அவளை டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனேன். மருந்து இருக்கு. சனிக்கெழமை விழுப்புரத்துல கவுன்சிலிங் இருக்கு, என் பஸ்லதான் வருவா. முழுசா விட்டுட்டாளான்னு கேட்டா, தை மாசம் ஒரு தடவை விழுந்தா. அன்னிக்கே வந்து, "அப்பா, மறுபடி மாத்திரை எடுத்துட்டேன்"னு சொன்னா. பாத்ரூம் கதவை உடைக்க வேண்டி வரல. இப்ப நான் அவ பையைக் கொட்டறது இல்ல. "இன்னிக்கி எப்படி இருக்க?"ன்னு கேப்பேன். சில நாள் "நல்லா இல்லப்பா"ம்பா. அந்தப் பதிலுக்கே தினமும் ஸ்தோத்திரம் சொல்றேன்.

இந்தச் சபையில என்னை மாதிரி அப்பா, அம்மா இருப்பீங்க. புள்ளைக்காக அழுது அழுது வத்திப் போயிருப்பீங்க. பாட்டு பாடும்போது வாய் மட்டும் அசையும். விசுவாசம் போயிட்டுதுன்னு பயப்படாதீங்க. நம்ம நெஞ்சு சூடா இருக்கா, ஆறிப்போயி இருக்கான்னு பார்த்துட்டு அவர் காது கொடுக்கறது இல்ல. ஒன்னும் தோணலன்னா, ஒன்னும் தோணல ஆண்டவரேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எழுந்து உங்க வேலையைப் பாருங்க. அவர் வேலையை அவர் பார்த்துக்குவாரு.