நாற்காலியில் தூக்கி வந்த விண்வெளி வீரர்

ஸ்ரீசிட்டியில் நான் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில், பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர் ஒருவர் போனில் வீடியோ காட்டினார். விண்வெளியிலிருந்து இறங்கிய அவர் நாட்டு வீரரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

“கால் உடைஞ்சிச்சா சார்? எங்க புத்தூருக்கு இட்டுகினு வாங்க, எலும்புக் கட்டு போட்டுடலாம்” என்றேன்.

“உடையவில்லை. மாதக்கணக்கில் காலில் பாரமே இல்லாமல் மிதந்தால் எலும்பு இளைத்துவிடும். நடந்துதான் தேற்றணும்” என்றார்.

எனக்கு வீட்டு நினைவு வந்தது. என் மனைவிக்கு உடைந்த காலில் போட்ட கட்டைப் பிரித்து, வைத்தியர் நடக்கச் சொல்லி ரெண்டு மாதம். வலிக்குமே என்று பாத்ரூமுக்குக்கூட நான்தான் தூக்கிப் போவேன். அதில் பெருமை வேறு.

அன்று சாயங்காலம் வீரர் கதையைச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினேன். பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

“இதைத்தான தினமும் கேட்டுகினு இருந்தேன்” என்றாள்.