மூட்டைக்குப் போட்ட பெல்ட்

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். கம்பம்மெட்டில் மூட்டை சுமந்து, பிறகு ஜீப் ஓட்டி, இன்று சொந்தமாக ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். அந்த மலைப்பாதையில் என்னைப் போல் வண்டி இறக்க ஆள் கிடையாது. இதை நானே சொல்வேன். இதுவரை மறுத்தவர் இல்லை.

புதுக் கார் வாங்கியபின் ஒரு தொல்லை வந்தது. ஏலக்காய் பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டிக்கியில் வைத்தால் டயர் நாற்றம் ஏறிவிடும். அதனால் முதல்தர மூட்டையை முன்சீட்டில் என் பக்கத்தில்தான் வைப்பேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கீக்கீ என்று கத்தும். அதன் வாயை அடைக்க மூட்டைக்குப் பெல்ட் மாட்டுவேன். அபராதம் போடும் சாலைக் கேமராவுக்காக நானும் மாட்டிக்கொள்வேன். என் வீட்டுக்காரி பின்சீட்டின் நடுவில், முன்சீட்டுகள் இரண்டையும் பிடித்தபடி வருவாள். பின்னாலும் பெல்ட் உண்டு என்பதை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் சரக்கோடு கம்பம் வழியாகப் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம்.

“ஏங்க, வயித்தப் பெரட்டுது. நான் முன்னாடி வந்துக்கிறேன்.”

“மூட்டைய எங்கடி வைக்க?”

“நான் இருந்த எடத்துல வைங்க. அதுக்கென்ன, வாந்தியா வரப்போகுது?”

மாற்றி வைத்தேன். அவள் உட்கார்ந்ததும் வண்டி கத்தியது.

“மூட்டைக்குன்னா ஓடியோடி மாட்டுவீக. எனக்கு மாட்ட மாட்டீகளாக்கும்?”

சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டேன்.

அடுத்த திருப்பத்தில் பேருந்தை முந்திக்கொண்டு ஒரு ஜீப் நேரே எங்கள் பக்கம் வந்தது. பிரேக்கை மிதித்து மலைப்பக்கம் ஒடித்தேன். வேறு எவனாக இருந்தாலும் ஜீப்பில் மோதியிருப்பான். என் வண்டி சாலையோர வாய்க்காலில் இடித்து நின்றது. காற்றுப்பைகூட விரியாத அடிதான். பெல்ட் என் நெஞ்சைச் சுருக்கென்று பிடித்து நிறுத்தியது.

அந்த நொடியில் எங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ பறந்து போனது. மூட்டை! முன்கண்ணாடியில் மோதி, கண்ணாடி நொறுங்கிக் குழிந்து, சாக்கு கிழிந்து, பச்சைக் காய்கள் எங்கள் மடியெல்லாம் கொட்டின. வண்டிக்குள் மூச்சடைக்கும் மணம்.

“ஐயோ, சரக்கு போச்சே!” என்று அவள் அள்ளத் தொடங்கினாள்.

சற்று முன்புவரை பின்சீட்டில் அந்த மூட்டையின் இடத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். குழிந்த கண்ணாடியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். எத்தனையோ மூட்டை தூக்கிய தோள் என்னுடையது. பறந்து போன அந்த ஒன்றின் நுனியைக்கூட என்னால் தொட முடியவில்லை. மூன்று விரல் அகல நாடா, ஒரு மனுஷியை முழுசாக உட்கார்த்தி வைத்திருந்தது!

“என்ன, பேயறைஞ்ச மாதிரி பாக்குறீக?”

“அள்ளாத. சும்மா இரு.”

கம்பம் போன ஒரு டாக்சிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அவள் பின்சீட்டில் ஏறினாள். சீட்டிடுக்கில் புதைந்து கிடந்த பெல்ட் கொக்கியைக் கையை விட்டுத் துழாவினேன்.

“பின்னாடி யாரு அண்ணாச்சி பாக்கப் போறா? விடுங்க,” என்றார் டாக்சிக்காரர்.

அது ‘டக்’ என்று மாட்டும்வரை அவரை நான் வண்டி எடுக்க விடவில்லை.