பெரிய மாமா குடிக்காத தண்ணீர்

என் பெரிய மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், ஜட்ஜாக இருந்தவர். எங்கள் வீட்டுக்கு வருவார், நின்றபடியே நலம் விசாரிப்பார், போய்விடுவார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். கிறிஸ்துமஸுக்கு அம்மா சுட்ட அதிரசத்தைக்கூடத் தொட்டதில்லை. அப்படியென்ன, எங்கள் தண்ணீரில் விஷமா கலந்திருக்கிறது? எனக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் சந்தேகமாக வந்தது.

"ஒரு வாய் தண்ணி குடிச்சா பதவி போயிருமா?" என்று அம்மா அழுவாள். கூடப்பிறந்தவனே கை நனைக்காவிட்டால் உறவு முறிந்துபோனதாகத்தானே எங்கள் பக்கம் அர்த்தம். "திமிரு, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு அப்பா புதுவயலில் இருந்த எங்கள் அரிசி மில்லுக்குக் கிளம்பிவிடுவார்.

தொண்ணூறுகளில் மாமா ஓய்வு பெற்றபோது காரைக்குடியில் பாராட்டு விழா நடத்தினார்கள். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து நேர்மை, நியாயம் என்றார்கள். வயதான வக்கீல் ஒருவர் பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் ஒன்றையும் நம்பவில்லை. மாமாவுக்கு முன்னால் இருந்த பன்னீர் சோடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடிப்பாரா? மடமடவென்று குடித்தார்!

"பாத்தீகளாம்மா? இங்க மட்டும் இறங்குது!"

"சும்மா இருடி" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவள் கண்ணும் அந்தச் சோடாமேல்தான் இருந்தது.

விழா முடிந்ததும் மாலையைக் காரில் போட்டுவிட்டு மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, தண்ணி கொண்டா. பசிக்குது, சோறும் போடு. இனிமே நான் ஜட்ஜு இல்லத்தா."

அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு இலை போட்டாள். அழுதுகொண்டே மீன்குழம்பு ஊற்றினாள். "மாப்பிள்ளை, இங்குட்டு வாங்க, சேந்து சாப்பிடுவம்" என்று மாமா கூப்பிட்டார். அப்பா பசியில்லை என்று கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அப்பா என்னிடம் வாயைத் திறந்தார். மாமா இருந்த கோர்ட்டிலேயே வேறொரு ஜட்ஜிடம் எங்கள் மில் வழக்கு நடந்ததாம். "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான்" என்று அப்பா கேட்டிருக்கிறார். அன்றிலிருந்துதான் மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் தங்கச்சி முன்னால் அவள் புருஷன் தலைகுனிய வேண்டிவருமே என்று, திமிர் பிடித்தவன் என்ற பேரைத் தானே வைத்துக்கொண்டார்.

விழா அன்று எனக்கு என்ன தெரியும்? மாமாவே இறங்கி வந்துவிட்டார், இப்போது அப்பாவுக்கு என்ன வீம்பு என்று நினைத்து, அப்பாவுக்கென்று எடுத்துவைத்திருந்த மீன் துண்டையும் தூக்கி மாமாவின் இலையில் வைத்தேன்.