பவளம் நன்றாகப் படித்த சொல்

கொச்சி மட்டாஞ்சேரியில் லாரி வைத்திருப்பவன் உண்டு, கைவண்டி வைத்திருப்பவன் உண்டு, சுக்கு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு தனக்குச் சொந்தப் படகு இருப்பதாகப் பெருமையடிப்பவனும் உண்டு. எங்கள் தெருவில் குதிரை வைத்திருந்தவன் ராக்கப்பன் ஒருவன்தான். அதுவும் எழுபத்தெட்டில், ஊரே ஆட்டோரிக்ஷாவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில்! "அவனுக்கு வட்டாணு" என்று சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள். வட்டு என்றால் அங்கே கிறுக்கு. சொல்லிவிட்டுப் போகட்டுமே, அவர்கள் வீட்டுக் கொள்ளையா குதிரை தின்றது?

ராக்கப்பன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தான். விடியற்காலையில் தெருவில் இறங்கினால் காலை எட்டு மணிக்கெல்லாம் கை கழுவிவிடலாம். அப்பா காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிய தமிழ்க் குடும்பம். பெண்டாட்டி ராமாத்தாள் மட்டும் பொள்ளாச்சிக்காரி. அவளுடைய பெரியப்பா மகன் குழந்தைசாமி அங்கே ஜட்கா ஓட்டினான். கல்யாணத்தன்று அந்த ஜட்காவில்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணின் பக்கத்தில் உட்காராமல் முன்னால் ஏறி, வழியெல்லாம் குதிரையையே பார்த்துக்கொண்டு வந்தான். ராமாத்தாள் இதைச் சொல்லிக் காட்டாத வருஷம் கிடையாது.

அன்றிலிருந்து மனசில் கிடந்த ஆசை. கடைசியில் குழந்தைசாமியே ஒரு பழைய வண்டியையும் வண்டி பழகாத ஒரு செம்பட்டைக் குதிரையையும் சேர்த்துக் கொண்டுவந்து விட்டான். "ஓணம் வரைக்கும் பாருங்க மாப்ள. சரிப்படலீன்னா நானே எடுத்துக்கறேன். அடிச்சுக் கெடுத்துறாதீங்க" என்பது பேச்சு. போகிறபோது ஒரு யோசனையும் சொன்னான். "மொதல்ல நிக்கறதுக்குப் பழக்குங்க. 'ஓ'ன்னா நிக்கணும். அது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்."

ராக்கப்பன் அதற்குப் பவளம் என்று பேர் வைத்தான். முதலில் கையே வைக்க விடவில்லை. தினமும் கொள்ளுக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து, அதன் மூச்சைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவந்தான். கடிவாளத்தை வாயில் வாங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரும்பில் வெல்லத்தைத் தடவினான், ஒருவழியாக வாங்கிக்கொண்டது. பிறகு ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடை. "ஓ" என்பான், பவளம் நிற்கும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கும், வாயில் ஒரு துண்டு வெல்லம் விழும். பழைய டயரை இழுக்கப் பழகியது. வண்டியும் பூட்டியாயிற்று. மைதானத்தில் அது காட்டிய சமர்த்தைப் பார்த்து ராக்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவுக்கு வந்ததும் எல்லாம் போயிற்று. பத்தடி போகும், நின்றுவிடும். சாயாக்கடை முன்னால் நிற்கும், பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிற இடத்தில் நிற்கும், யூதத் தெருவான ஜூ டவுன் முனையில் வெள்ளைக்காரர்கள் நடுவில் நிற்கும். நின்றுவிட்டு, ஒன்றுமறியாத பாப்பா மாதிரி கழுத்தைத் திருப்பி அவனைப் பார்க்கும். ராக்கப்பன் ஊருக்கெல்லாம் வேண்டியவன், நாலு பேரிடம் பேசாமல் ஒரு தெரு தாண்டமாட்டான். அத்தனை பேர் முன்னாலும் மானம் போயிற்று. கழுத்தில் சுழி சரியில்லை என்றார் ஒருவர். மிளகு நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். ராமாத்தாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். ம்ஹும், மிளகாய்தான் வீண்.

அரண்மனைப் பக்கம் நர்சரி நடத்திய கமலாக்ஷி டீச்சர், குதிரை ஒழுங்காக இருந்தால் குழந்தைகளை அதில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். தானே ஒருநாள் குடையோடு ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

"வண்டிக்கு நன்னாப் பழகிடுத்தோ ராக்கப்பா?"

"ஓ, டீச்சர். நல்லாப் பழகியாச்சு."

பவளம் நின்றது. டீச்சரின் குடை தெருவில் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது தெய்வச் செயல். டீச்சர் இறங்கி, குடையைத் தட்டிக்கொண்டு, "குதிரை பார்க்க லக்ஷணமாத்தான் இருக்கு. கொழந்தைகளை ஏத்த எனக்கு தைரியம் வரலை" என்று நடந்தே போய்விட்டாள்.

அன்று ராக்கப்பன் பவளத்தை முதல் முறையாக வைதான். வைதுவிட்டு அவனே சாப்பிடாமல் படுத்தான். ஓணம் நெருங்கிவிட்டது. குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி குழந்தைசாமிக்குச் சொல்லி அனுப்பினான். தெரிந்தவர் லாரியில் வருவதாகவும், பாலத்துக்கு அந்தப் பக்கம் தேவராவில் நிற்பதாகவும் பதில் வந்தது.

புறப்படுகிற நாளில் ராமாத்தாளும் கூடவே ஏறிக்கொண்டாள். அண்ணனுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் சர்க்கரை உப்பேரி, அதாவது வெல்லப் பாகில் புரட்டிய நேந்திரங்காய், வறுத்து எடுத்திருந்தாள். ராக்கப்பன் வாயே திறக்கவில்லை. சாயாக்கடையில் "எந்தா ராக்கப்பா, தூரமாணோ?" என்று பயணத்தை விசாரித்தார்கள், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி போயிற்று. சாயாக்கடை தாண்டிற்று, தோப்பும்படிச் சந்தை தாண்டிற்று, மீன்கூடைகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் புகுந்து, ஒரு இடத்தில் நிற்காமல் பாலத்தில் ஏறிற்று. போகிற நாளில்தானா இத்தனை சமர்த்து!

ராமாத்தாளுக்கும் மனசு கேட்கவில்லை. பாலத்து நடுவில் மெல்லக் கேட்டாள்: "ரொம்ப வெசனமா இருக்குதுங்களா?"

"ஓ" என்றான்.

பவளம் நின்றது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பின்னால் லாரி அலறியது.

"ஏனுங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

"எப்பம்?"

"வெசனமான்னு கேட்டதுக்கு."

"ஓன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்பம்?"

ராமாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பாலத்தில் போன சைக்கிள்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "கண்ணாலமான புதுசுல எது கேட்டாலும் 'ஓ'ம்பீங்க. எங்கூர்ல மாட்டையும் குதிரையையும் நிறுத்தத்தான் 'ஓ'ம்பாங்க, இந்த மனுசன் யார நிறுத்தறாருன்னு நான் முழிச்சது மறந்துபோச்சா?"

அவ்வளவுதான் விஷயம். மலையாளத்தில் ஆமாம் என்பதற்கு 'ஓ'. கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த ராக்கப்பன் வாயில் ஆமாம் என்று ஒரு நாளும் வந்ததில்லை. மைதானத்தில் அவனிடம் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. தெருவில் ஆள் இல்லாத இடமே இல்லை.

நாக்கைச் சொடுக்கினான், பவளம் நடந்தது. "ஓ" என்றான், நின்றது. லாரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். ராக்கப்பன் காதில் எதுவும் விழவில்லை. இறங்கிப் போய்ப் பவளத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "நான் சொன்னதத்தானே தாயே கேட்டிருக்கே! வெல்லத்துக்குல்ல திரும்பிப் பாத்திருக்கே! ஒன்னையப் போயி வைதேனே!" என்று அழுதேவிட்டான். அண்ணனுக்கு வறுத்த உப்பேரிப் பொட்டலம் பவளத்துக்காக அங்கேயே பிரிந்தது.

"வேற வார்த்தை பழக்கிறலாமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அது ஒழுங்காத்தான் படிச்சிருக்குது. படிக்க வேண்டியது நீங்க. ஆமான்னு சொல்லிப் பழகுங்க."

தேவராவில் குழந்தைசாமி ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க, பாக்கலாம்" என்றான். பவளம் கப்பல் தளம் வரைக்கும் நூல் பிடித்தாற்போல் போயிற்று. "பேஷ்! அப்ப நீங்களே வெச்சுக்கறீங்களா மாப்ள?" என்று கேட்டான். ராக்கப்பனுக்கு 'ஓ' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பின்னாலிருந்து ராமாத்தாள் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ... ஆமா மச்சான். ஆமா."

பவளம் நிற்காமல் நடந்தது.

ஓணம் முடிந்து நர்சரி திறந்த நாளில் கமலாக்ஷி டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள். குழந்தைகள் வண்டி நிறைய வந்து இறங்கினார்கள், ஒரு குடைகூட விழவில்லை. நாள் முழுக்க 'ஆமா' சொல்லிச் சொல்லி ராக்கப்பனுக்கு வாய் கோணிக்கொண்டது. சாயாக்கடையில் அவனைத் "தமிழ் வாத்தியார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வண்டியை அவிழ்த்து, பவளத்தைத் தென்னையில் கட்டிக் கொள்ளு வைத்தான். ராமாத்தாள் சாயாவோடு வந்தாள்.

"இப்ப சந்தோசந்தானுங்களே?"

ராக்கப்பன் வண்டியைப் பார்த்தான். தனியாகத்தான் நின்றது. கயிற்றைப் பார்த்தான். கட்டித்தான் இருந்தது.

"ஓ!" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னான்.

பவளம் கொள்ளிலிருந்து தலையைத் தூக்கி, வெல்லத்துக்காகத் திரும்பிப் பார்த்தது.