ஆரு கேட்டாலும் நாலு வயசு

இப்போது மட்டக்களப்பு நகரத்துக்குப் பேர்பெற்ற பாட்டுக்காரர் ஒருவர் வந்து பாடிவிட்டுப் போகிறார் என்றால், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க என்னுடைய அரை மாதச் சம்பளம் வேண்டும். நடுவில் இருப்பதென்றால் கால் மாதச் சம்பளம். ஆகக் கடைசியில், முன்னால் நிற்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு கால் கடுக்க நின்று கேட்பதற்கு மட்டும் கொஞ்சம் மலிவு. போன மாதமும் அப்படியொரு விளம்பரம் கைபேசிக்கு வந்தது. விலைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழே இறங்கினால், சின்ன எழுத்தில் அந்த வரி இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இலவசம். மற்றவர்கள் அதை எப்படிப் படிப்பார்களோ தெரியாது. நான் அதைக் கண்டால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இருந்தாலும் அம்மாவிடம் கேட்டேன், போவோமா என்று. அம்மா வலது காதை என் பக்கம் திருப்பி, "என்ன சொன்ன?" என்றார். மறுபடி சொன்னேன், விலையையும் சொன்னேன்.

"ஒரு காது மட்டும் கேக்கிற ஆக்களுக்கு அரை டிக்கட் குடுப்பாங்களா எண்டு கேட்டுப் பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் இடது காது போனதற்கும் ஒரு டிக்கட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அம்மா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானாகத்தான், வெகுகாலம் கழித்து, ஒன்றோடொன்றை முடிச்சுப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஆறு வயது முடிந்து சில மாதங்கள். பழுகாமத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கொட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் கல்வீடு சுவரளவுக்கு எழும்பி நின்றது. வீட்டுத் திட்டத்தில் கொடுத்த காசு சுவரோடு முடிந்துபோனது. கூரைக்கு அப்பா நம்பியிருந்த வேளாண்மையை வெள்ளம் கொண்டுபோனது. வயல்வட்டை முழுக்க ஒரு கிழமை தண்ணீர் நின்றதில் கதிர் எல்லாம் அழுகிவிட்டது. எனக்கு அதெல்லாம் ஒரு கவலையாகத் தெரியவில்லை. அந்தச் சுவர்களுக்குள் நின்று அண்ணாந்தால் வானம் தெரியும். வானம் தெரிகிற வீடு எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லையென்று பெருமையாகக்கூடச் சொல்லித் திரிந்தேன்.

கூரை போடுவதற்காக அம்மா வெளிநாடு போவதென்று முடிவாயிற்று. பெரியம்மா கட்டாரில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தார். அவர் வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் ஆள் வேண்டுமாம். நல்ல மனிதர்கள், கிழமைக்கு ஒருநாள் லீவு, பொழுதுபட்டால் மதிலுக்கு மேலால் இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா ஃபோனில் ஆசையாகச் சொன்னார். விமானம் ஏறுமுன் ஏஜென்சிக்காரர் இரண்டு லட்சம் கையில் தருவார். அது கூரைக்குக் காணும். அம்மா இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தால் போதும். இரண்டு வருடம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாததால் நானும் சரி என்றேன்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குப் பிடித்த பாடகர் மட்டக்களப்புக்கு வருகிறார் என்று மதில்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ரேடியோவில் அவருடைய பாட்டுப் போனால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிற ஆள் அம்மா. டிக்கட் ஐந்தாயிரம், இரண்டாயிரம், ஐந்நூறு என்று மூன்று வகை. ஒருநாள் அப்பா கல் சுமக்கப் போய்விட்டு வந்து, இரண்டு ஐந்நூறு ரூபாய் டிக்கட்டுகளை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அன்றைய கூலி முழுவதும் அதுதான்.

அம்மா சத்தம் போட்டார். "இந்தக் காசுக்கு ஒரு தகரமாவது வாங்கியிரிக்கலாம் தானே! புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

"போற எடத்தில ஆரு உனக்குப் பாட்டுப் போட்டுக் காட்டப் போறாங்க?" என்றார் அப்பா. "கேட்டுட்டுப் போ கா."

அம்மா டிக்கட்டுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கும் முழு டிக்கட். என்னை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனமில்லை. இன்னோர் ஐந்நூறு செலவழிக்கவும் மனமில்லை. நானோ சோற்றைக் கண்டால் ஓடுகிற பிள்ளை, வயதுக்கு வளர்ச்சி காணாது. அம்மா என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, "ஆரு கேட்டாலும் நாலு வயசு எண்டு சொல்லணும், விளங்கிச்சா?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் முற்றத்தில் ஒத்திகை. அப்பா கையில் ஒரு கம்போடு படலையடியில் காவல்காரராக நிற்பார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். "நில்லு, நில்லு. புள்ளைக்கு எத்தினை வயசு?" என்று அப்பா குரலைத் தடிப்பாக்கிக் கேட்பார். நான் காலை மடக்கிக் குட்டையாகிக்கொண்டு, "நாலு. நேசரிக்குப் போறன்" என்று மழலையில் சொல்லுவேன். நேசரி நானாகச் சேர்த்தது. அதற்காக அம்மா என் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்.

ஒரேயொரு சிக்கல், என் பல். முன்பல் இரண்டும் விழுந்து வாசல் திறந்து கிடந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பல் விழுமா? அதனால் வாயைத் திறக்காமல் உதட்டுக்குள்ளேயே பேசப் பழக்கினார்கள். அப்பா என்னைச் சோதிப்பதற்காக, "எங்க, பல்லக் காட்டு பாப்பம்! காட்டினா டொபி தருவன்!" என்று ஆசை காட்டுவார், கிச்சுக் காட்டுவார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு கெஞ்சியும் காட்டாமல் இருந்தால் இரண்டு டொபி. அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு அந்த முற்றம் காணவில்லை.

இப்படி நான் நன்றாகத் தேறியிருந்த ஒரு காலைப்பொழுதில், பிரதேச செயலகத்திலிருந்து உத்தியோகத்தர் அம்மா ஒருவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற பெண்ணுக்குக் குடும்ப நிலை பற்றி ஓர் அறிக்கை வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக் கூடாது என்பது சட்டம். அதைப் பார்த்து எழுதத்தான் வந்திருந்தார். குறை சொல்ல முடியாத பெண். கொட்டிலுக்குள் குனிந்து வந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, என்னைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். என் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மகளுக்கு எத்தினை வயசு?"

ஆரு கேட்டாலும் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் காலை மடக்கினேன், உதட்டை இறுக்கினேன். "நாலு. நேசரிக்குப் போறன்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தைக் கிள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் முகம் வெளிறிக் கிடந்தது.

நான் பிறந்தது சண்டைக்கு இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நாங்கள் இருந்த காலத்தில். பிறப்பைப் பதியும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிளினிக் கொப்பியும் அந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. பிந்திப் பதிந்த சான்றிதழ் என்று கடதாசியிலேயே எழுதியிருந்தது. உத்தியோகத்தர் அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில ஆறு வயசு எண்டு இரிக்கு. பிள்ளை நாலு எண்டு சொல்லுது."

அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பாட்டு நிகழ்ச்சி, ஐந்நூறு ரூபாய், ஒத்திகை எல்லாவற்றையும். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து டிக்கட்டுகளை எடுத்துக் காட்டினார். அது போதாதென்று என் முன்னால் முழந்தாளிட்டு, "பல்லக் காட்டு புள்ள, மிஸ்ஸுக்குப் பல்லக் காட்டு" என்றார். எனக்கு அந்தச் சோதனை நன்றாகத் தெரியும். நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். அம்மா என் தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தார். நான் தலையை ஆட்டி ஆட்டித் திமிறினேன். இந்த முறை இரண்டு டொபி அல்ல, நாலு டொபியாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா அழுததைக்கூட, புதிதாகச் சேர்த்த நடிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

"பிள்ளைய விடுங்க" என்றார் உத்தியோகத்தர் அம்மா. பிறகு மெதுவாக, கோபமில்லாமல்தான் சொன்னார். "ஐந்நூறு ரூபாய்க்கு வயசக் குறைக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு, ரெண்டு லட்சத்துக்கு வயசக் கூட்டத் தெரியாதா? நான் எத நம்பி எழுத? பள்ளிக்கூடத்தில கடிதம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்க."

பள்ளிக்கூடம் ஆகஸ்ட் விடுமுறைக்கு மூடிக் கிடந்தது. பதிவுப் புத்தகம் அலுமாரிக்குள், சாவி அதிபரிடம். அதிபர் எங்கோ தூரத்தில் தன் ஊருக்குப் போயிருந்தார். அப்பா அலைந்தார், அம்மா செயலகத்துக்கு இரண்டு தடவை போய் நின்றார். பாட்டு நிகழ்ச்சியன்று காலையில் பெரியம்மா கட்டாரிலிருந்து ஃபோன் எடுத்தார். வீட்டுக்காரர் இனிப் பொறுக்க மாட்டார்களாம், வேறு ஓர் ஆளைப் பிடித்துவிட்டார்களாம்.

பிற்பாடு கடிதமும் கிடைத்தது, அறிக்கையும் சரிவந்தது. ஏஜென்சிக்காரர் வேறொரு வீடு காட்டினார். அது கட்டாரில் இல்லை, சவூதியில். பக்கத்தில் பெரியம்மா இல்லை, யாருமில்லை. அம்மா போனார். கூரை ஏறியது, என் வானம் போயிற்று. முதல் சில மாதம் ஃபோன் வந்தது, அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா திரும்பி வந்த அன்று இடது பக்கமாக ஓடிப்போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. என்னோடு கோபம் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஊருக்கு, காய்ச்சல் வந்து காது அடைத்துவிட்டது என்று சொன்னார். அந்த வீட்டுக்காரி அறைந்த அறையைப் பற்றி அப்பாவுக்கு மட்டும்தான் சொன்னார். அதையும் ஒரே ஒருமுறை, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து.

நான் ஒன்றோடொன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டது அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியபோதுதான். பிந்திப் பதிந்தது என்ற அந்தச் சொற்களைக் கண்டதும் எல்லாம் வந்து நின்றது, மடக்கிய காலும் இறுக்கிய உதடும். பேனையைக் கீழே வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளையிடமிருந்து தாயைப் பிரிக்கக் கூடாதென்று எனக்காகப் போட்ட சட்டம் அது. அதைக்கொண்டே அம்மாவை ஆகக் கெட்ட வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

விற்ற டிக்கட்டைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் பெரியம்மா ஃபோன் எடுத்த அன்று பின்னேரம் நாங்கள் பாட்டு நிகழ்ச்சிக்குப் போனோம். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, களுதாவளை, தேற்றாத்தீவு என்று பஸ் நின்று நின்று போனது. அம்மா நல்ல சேலைதான் உடுத்திருந்தார். அப்பா சும்மா இருக்க முடியாமல் பாலத்தைக் காட்டினார், வாவியைக் காட்டினார். அம்மா எதையும் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். எத்தனையோ கூரைக்குக் காணும் தகரம். வாசலில் சனம் நெருக்கியது.

அம்மா என்னை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஒத்திகையில் பழகியபடி நான் காலை மடக்கி, வாயை மூடி, தயாரானேன். வாசலில் நின்றவர் அப்பாவின் கையிலிருந்த இரண்டு டிக்கட்டையும் பறித்துக் கிழித்தார், "போங்க, போங்க" என்று எங்களை உள்ளே தள்ளினார். என்னை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கிழமை பாடுபட்டுப் படித்த பாடம் இப்படி வீணாய்ப் போகலாமா? தூரத்தில் மேளம் முழங்கத் தொடங்கியிருந்தது. அதனால் அம்மாவின் இடது காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"அம்மா, அவர் கேக்கவே இல்ல."

அப்போது அந்தக் காது நன்றாகக் கேட்டது. அம்மா மேடையைப் பார்த்தபடியே என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"கேட்டவங்களுக்குச் சொல்லிட்டாய் தானே புள்ள. அது காணும்."

என்னைக் கெட்டிக்காரி என்று சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் யாராவது வந்து கேட்டாலும் கேட்பார்கள் என்று, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, பாட்டுகள் எல்லாம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன்.