தொங்கல் மிக்கேல்

ஒரே ஒரு தாளை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, முழுப் புத்தகத்தையும் அந்தரத்தில் தொங்கவிடுகிறார் மிக்கேல்ராஜ். புத்தகம் ஆடுகிறது, தாள் கிழியவில்லை. எதிரே செம்பட்டிப் பள்ளித் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்க்கிறார். "தையலப் பாருங்க சார். பிள்ளைக இழுத்துக்கிட்டு ஓடுனாலும் பிரியாது" என்று மிக்கேல்ராஜ் இன்னொரு ஆட்டு ஆட்டிக் காட்டுகிறார்.

பாடப்புத்தகக் கம்பெனி ஒன்றின் ஆள் அவர். ஒவ்வொரு பாடத்துக்கும் பல கம்பெனிகளின் புத்தகங்களைச் சர்க்கார் சரியென்று பட்டியல் போட்டுவிடும். அதில் எதை எடுப்பது என்பது பள்ளிக்கூடத்தின் பாடு. காசு போட்டு வாங்குவது பெற்றவர்கள் பாடு. இரண்டுக்கும் நடுவே சைக்கிள் மிதிப்பது மிக்கேல்ராஜின் பாடு. கோடை பிறந்தால், மாதிரிப் புத்தகங்களைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு தாடிக்கொம்பு, சின்னாளபட்டி என்று கிளம்பிவிடுவார். வாத்தியார்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'தொங்கல் மிக்கேல்'. அதில் அவருக்குப் பெருமைதான்.

புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டால் மட்டும் மனிதர் நழுவிவிடுவார். "உள்ள இருக்கது பெரியவுக எழுதுனது. செத்த மோந்து பாருங்க, மை வாசம் எப்புடி இருக்கு!" என்று மூக்குக்கு நேரே நீட்டுவார். தலைமையாசிரியர்களும் மோந்து பார்ப்பார்கள். என்ன செய்வது, அவர் நீட்டுகிற வேகம் அப்படி!

இந்த வருஷம் அவருக்கு ஒரு சோதனை. திண்டுக்கல் பெண்கள் பள்ளி ஒன்றில் அவர் சில வருஷங்களுக்கு முன் விற்ற விஞ்ஞானப் புத்தகமே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காள் படித்ததைத் தங்கை படிக்கிறாள். புதிதாக வாங்க ஆளில்லை. கம்பெனி அதே பாடத்துக்குப் பளபளவென்று புதுப் புத்தகம் போட்டிருக்கிறது. பள்ளியை அந்தப் புதுப் புத்தகத்துக்கு மாற வைக்காவிட்டால் திண்டுக்கல் வட்டாரம் வேறு ஆளுக்குப் போகும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வட்டாரத்து வருமானத்தில்தான் மிக்கேல்ராஜ் வீட்டில் உலை கொதிக்கிறது. பாவம், வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டே போனார்.

தலைமையாசிரியை ரோஸ்மேரியின் அறையில் புதுப் புத்தகம் தொங்கியது, ஆடியது, மணத்தது. ரோஸ்மேரி டீச்சர் அலமாரியைத் திறந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்தார். நாலைந்து பிள்ளைகள் கை மாறியதில் அட்டை நைந்திருந்தது. ஒற்றைத் தாளைப் பிடித்து அவரும் தொங்கவிட்டார். ஆட்டினார். கிழியவில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது மெய்தான், மிக்கேல். பிரியவே மாட்டேங்குது" என்றார். "வெளிய பூக்கார மூக்காயி நிக்கிறா. மகளுக்கு இதத் தாரேன்னு சொல்லியிருக்கேன். புதுசா வாங்குன்னு அவகிட்ட நீங்களே சொல்றீகளா?"

மிக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தார். வராந்தாவில் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள் மூக்காயி. முதலாளியின் முகம் ஒரு தடவை அவர் கண்முன் வந்து போனது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எம்பேச்சு என்னையவே மடக்கிருச்சு, டீச்சர்" என்றார்.

சிரித்துக்கொண்டே தம் புத்தகக் கட்டின் சணலை அவிழ்த்தார். புதுப் புத்தகங்களைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை உருவி, மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, மூக்காயி மகளுக்குப் போகிற பழைய புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தார்.