எத்தனை கோல் வாங்குனாக?

அத்தைக்குக் கால்பந்தில் ஆனா ஆவன்னா கூடத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. நர்ஸ் படிப்பு படித்து, நார்வே நாட்டின் வடக்குக் கோடியில், குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும் ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அணியின் மாட்ச் முடிந்ததும் வீடியோவில் வருவாள். ஊரே ஜெயித்தார்களா என்று கேட்கும்போது அவள் மட்டும், "எத்தனை கோல் வாங்குனாக?" என்பாள். நாலு என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்பாள். ஒன்றுமே வாங்கவில்லை, ஜெயித்துவிட்டோம் என்றால், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவாள். "பனியில ஒங்க அத்தைக்கு மூளை உறைஞ்சுபோச்சு" என்று அம்மா சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அது இரண்டு பாதியானபோது கிணறும் மோட்டாரும் மட்டும் பொதுவில் நின்றன. ஒரு நாள் அப்பாவுக்கு, மறுநாள் சித்தப்பாவுக்கு. ஒரு கோடையில் கிணறு தரைதட்டியபோது, சித்தப்பாவின் நாளிலும் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். சித்தப்பாவின் பந்தலில் கொடி பிஞ்சோடு காய்ந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேசியே ஆகவேண்டியதை என் வழியாகப் பேசினார்கள். மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "மோட்டார் பீஸ் போயிருச்சுன்னு ஒங்க அப்பாட்ட சொல்லு" என்பார் சித்தப்பா. நான் திரும்பி அதையே சொல்வேன். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. சம்பளம் இல்லை, இரண்டு பக்கமும் வசவு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

இந்த லட்சணத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். மாதா கோயில் திடலில் பழகிய எங்கள் ஊர் அணிக்கு அப்பா கோலி. அவருக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்க வேண்டிய கேப்டன் சித்தப்பா. பேசாமல் ஆடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஆட்டத்துக்கு ஆறேழு கோல் வாங்கினார்கள். சுற்றுப்பட்டு அணிகள் தங்களுக்குத் தெம்பு வரவேண்டும் என்பதற்காகவே எங்களைக் கூப்பிட்டு ஆடின.

அப்போதுதான் அத்தை தன் ஊர் அணியைப் பற்றிச் சொன்னாள். மஞ்சள் சட்டைக்காரர்கள். கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எந்நேரமும் அதே பேச்சாம்.

"அங்கன கோல் வாங்குனா யாரும் யாரையும் வையமாட்டாக. பதினோரு பேரும் ஓடிவந்து தோளப் புடிச்சு வட்டமா நிப்பாக. என்ன தப்புன்னு பேசி முடிச்சப்பெறகுதேன் ஆட்டம். அதுலயும் கோலியும் அவருக்கு முன்னாடி நிக்கிறவரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணுமாம். மூஞ்சியப் பாத்துப் பேசணுமாம். அதுதேன் ரூலு."

நான் போய்ச் சொன்னபோது, வெளிநாட்டு ரூல் என்றதும் சித்தப்பா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் வட்டமாக நின்று கூப்பிடும்போது ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினார்கள், ஆறு தடவை வட்டம் கட்டினார்கள். "கும்மியடிக்க வந்தாகளா, பந்தாட வந்தாகளா?" என்று வேடிக்கை பார்த்தவர்கள் கத்தினார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. அப்பாவின் கை சித்தப்பாவின் தோளில் இருந்தது. இரண்டு வாயும் அசைந்தன. அன்று ஆறு தடவை அவர்கள் நான் இல்லாமல் பேசிக்கொண்டார்கள்.

பேசப் பேச ஆட்டம் தேறியது. ஆறு நாலானது, நாலு இரண்டானது. சின்னமனூரை ஜெயித்தோம், உத்தமபாளையத்தை ஜெயித்தோம். அங்கே மஞ்சள் சட்டைக்காரர்களும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அத்தை அனுப்பிய மஞ்சள் கம்பளித் துண்டை சித்தப்பா கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் கழுத்தில் சுற்றிக்கொண்டு அலைந்தார். ஊரில் பேனர் வைத்தார்கள். நான் மட்டும் வாங்காத கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல் கூட வாங்கவில்லை. அணி உருப்பட்டுவிட்டது, அண்ணன் தம்பி பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெரியகுளத்தில் இறுதி ஆட்டம். அதற்கு முந்தைய நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "திங்கக்கெழம சர்வேயர் வாராக. கல்லு ஊண்டிட்டு என் பாதிய வித்துட்டு அல்லிநகரம் போறேன்னு ஒங்க அப்பாட்ட சொல்லு." சொன்னேன். அப்பா திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி, "சரின்னு சொல்லு" என்றார். அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சுமந்து நடந்த தூரம் நாற்பது அடி இருக்கும். இன்றும் கால் வலிக்கிறது.

மறுநாள் அப்பாவின் கோல் வலைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். இடைவேளைக்கு முன்பே நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். பின்பாதியில் பெரியகுளத்துக்காரர்கள் எங்கள் பக்கமே குடியிருந்தார்கள். வலது மூலைக்கு வந்த பந்தை அப்பா பாய்ந்து தட்டினார். இன்னொன்றை நெஞ்சோடு அணைத்து விழுந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மாதாவிடம்தான் கேட்டேன். ஒன்றே ஒன்று. எங்கள் அப்பா ஒன்றே ஒன்று வாங்கட்டும். இந்த ஆட்டம் இப்படியே முடிந்தால் அவர்கள் இனி எங்கே நின்று பேசுவார்கள்?

பத்து நிமிடம் இருந்தது. பிறகு ஐந்து. நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவர் பிடித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"அப்பா!"

என்னை மீறி வந்தது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வேண்டுமென்றேதான் கத்தினேன். அப்பாவின் தலை ஒரு கணம் திரும்பியது. பந்து விரலில் பட்டு வலைக்குள் விழுந்து, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அப்பா பந்தை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். அவருக்குப் பின்னால் வட்டம் கூடிவிட்டது. அவர் போகவில்லை. நடுவர் விசில் ஊதினார். எங்கள் ஆட்கள் கூப்பிட்டார்கள், அப்பா அசையவே இல்லை. கோலும் போய், வட்டமும் போகப்போகிறது என்று நினைத்தேன். அப்போது சித்தப்பா வட்டத்தை விட்டுக் கோல் வரைக்கும் நடந்து வந்தார்.

"வாண்ணே."

"புள்ள கூப்புட்டுச்சு. திரும்பிட்டேன்."

"தெரியும். வா."

அந்த வட்டம் கலையவே இல்லை. இரண்டு தலையும் முட்டிக்கொண்டு நின்றன. நடுவர் இரண்டு தடவை ஊதி, கடைசியில் சித்தப்பாவுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

பெனால்டியில் தோற்றோம். நான் கத்தியதைப் பற்றித் திரும்பும் வேனில் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தையின் அழைப்பு வந்தது. எடுத்து, தேம்பித் தேம்பி, தோற்றுவிட்டோம் என்றேன்.

"அழுகாத ஆத்தா. எத்தனை கோல் வாங்குனாக?"

"ஆட்டத்துல ஒண்ணு."

"வட்டமா நின்னாகளா?"

"ரொம்ப நேரம் நின்னாக."

அத்தை போனை எங்கேயோ வைத்துவிட்டாள். விட்டத்து விளக்கு மட்டும் தெரிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோப்பை போனதற்கு அழுகிறாள், கடைசியில் இவளுக்கும் ஆட்டம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சர்வேயர் வரத்தான் செய்தார். கல்லும் ஊன்றினார்கள். அளவுச் சங்கிலியின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை சித்தப்பாவும் பிடித்தார்கள். "நீ அல்லிநகரம் போனாலும் ஓன் நாளு ஓன் நாளுதேன். நாந் தண்ணி பாச்சுறேன். விக்காத" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல், நேராக. சித்தப்பா போனார், ஆனால் விற்கவில்லை. என் உத்தியோகம் அன்றோடு போயிற்று.

அந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் பிறகு அவர்கள் நாட்டிலேயே முதலாவதாக வந்தார்கள். பெரிய பெரிய நகரத்து அணிகளைத் தங்கள் குளிருக்கு வரவழைத்து அடித்தார்கள். சமீபத்தில் அவர்கள் ஆட்டம் ஒன்றை போனில் பார்த்தேன். ஒரு கோல் வாங்கினார்கள். ஓடிவந்து வட்டம் கட்டினார்கள். கோலியைத் தேடினேன். அவர் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றார். பழைய ஆட்டங்களையும் தேடிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கையில் கிடைத்த தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் பக்கத்தில் யார் என்று அத்தை சொன்ன ரூல் அங்கே கிடையவே கிடையாது.

அப்பா கோல் வாங்க வேண்டும் என்று உலகத்திலேயே வேண்டிக்கொண்ட ஒரே பாவி நான்தான் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.